டே ஸ்காலர் பார்த்த கத்தோலிக்கக் கல்லூரி: எல்லா விழாவிலும் முதல் பாதி மட்டும்

மூணுபஸ் | ஞாயிறு, இரவு 9.10

போன வாரம் வேறொரு இழையில் ஒருவர், மதுரைப் பக்கம் சின்ன கத்தோலிக்கக் கல்லூரியில் மகளைச் சேர்க்கலாமா, ஹாஸ்டலா, வீட்டிலிருந்து போய்வருவதா என்று கேட்டிருந்தார். நாலு வரியில் பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன். நீண்டுவிட்டது. அதனால் தனி இழை.

நான் 2022இல் சேர்ந்து 2025இல் முடித்தேன். பி.எஸ்சி. கணிதம், எய்டட், அதாவது அரசு உதவி பெறும் பிரிவு. வீடு திருமங்கலத்துக்குத் தெற்கே கள்ளிக்குடிப் பக்கம் ஒரு கிராமம். கல்லூரி மதுரையைத் தாண்டி. எந்தத் திசையில் தாண்டி என்று சொன்னால் பெயர் தெரிந்துவிடும். குறையும் சொல்லப்போகிறேன், ஆகவே பெயர் வேண்டாம்.

கிட்டத்தில் கல்லூரியே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் ஒரு அக்கா இந்தக் கல்லூரியில் படித்து டீச்சராகிவிட்டார். அப்பாவுக்கு அது போதும். "ஃபாதர்மார் காலேஜ், கண்டிப்பு இருக்கும்." அதற்கு மேல் அவர் விசாரிக்கவில்லை.

ஆறேகாலுக்கு அப்பா எக்ஸெல் வண்டியில் மெயின் ரோட்டில் கொண்டுவந்து விடுவார். அங்கிருந்து திருமங்கலம். திருமங்கலத்திலிருந்து மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டு. பெரியாரிலிருந்து மூன்றாவது பஸ். இந்த மூன்றாவதில்தான் எல்லாக் கஷ்டமும். அந்த ரூட்டில் காசு பஸ்ஸும் போகும், மகளிர் இலவசம் என்று போர்டு வைத்த டவுன் பஸ்ஸும் போகும். காசு பஸ் இருபது நிமிடம் முன்னாலேயே வந்துவிடும். போக வர நாற்பது ரூபாய். மாதம் 22 நாள் கல்லூரி என்றால் 880. புதுமைப் பெண் திட்டத்தில் எனக்கு வந்தது மாதம் ஆயிரம். மிச்சம் 120. கணிதம் படிக்கிற பிள்ளைக்கு இந்தக் கணக்கு ரொம்ப நேரம் எடுக்கவில்லை. இலவச பஸ்ஸுக்கே நின்றேன். லேட்டானேன்.

கேட் ஒன்பதேகாலுக்குச் சாத்துவார்கள். சாத்துகிறவர் வாட்ச்மேன் இல்லை, ஒரு ஃபாதர். வெள்ளை அங்கி எல்லாம் கிடையாது. அரைக்கைச் சட்டை, ரப்பர் செருப்பு, கையில் லேட் ஸ்லிப் கட்டு. மூன்று ஸ்லிப் சேர்ந்தால் அரை நாள் ஆப்சென்ட். முதல் மாதம் "ஏன் லேட்டு?" என்று கேட்டார். இரண்டாம் மாதத்திலிருந்து, "திருமங்கலமா, பெரியாரா?" என்று மட்டும் கேட்பார். எந்த இடத்தில் பஸ்ஸை விட்டாய் என்று அர்த்தம். கேட்டுவிட்டு ஸ்லிப்பைத் தவறாமல் கிழித்துக் கொடுப்பார்.

சின்னக் கல்லூரியில் நல்லதும் இதுதான், எரிச்சலும் இதுதான். வகுப்பில் 27 பேர். ஒரு நாள் வராவிட்டால் பதினோரு மணிக்குள் அப்பாவுக்குப் போன் போய்விடும். அவர் வயலில் மருந்தடித்துக்கொண்டிருப்பார், கையைத் துடைத்துவிட்டு எடுப்பார். அரியர் விழுந்தால் கேன்டீன் அண்ணனுக்குக்கூடத் தெரியும். ஆனால் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு வாரம், நான் யாரிடமும் எதுவும் சொல்லாமலேயே இன்டர்னல் தேர்வைத் தள்ளி வைத்தார்கள். பெரிய கல்லூரியில் படிக்கிற என் தோழிக்கு அவள் துறைத்தலைவரின் முகமே மூன்றாம் வருடம்தான் பழக்கமாயிற்று.

இனி குறை. எந்த மேடையிலும் "நாம் ஒரு குடும்பம்" என்பார்கள். அந்தக் குடும்பம் மூன்றரைக்கு மேல்தான் கூடும். சான்றிதழ் வகுப்பு, பாட்டுப் பயிற்சி, அய்க்கஃப் (கத்தோலிக்க மாணவர் இயக்கம்) கூட்டம், வேலைவாய்ப்புப் பயிற்சி எல்லாம் மூன்றே முக்காலுக்கு ஆரம்பம். எனக்கு 5.10 பஸ். அதை விட்டால் திருமங்கலத்தில் எங்கள் பக்கம் போகிற டவுன் பஸ் கிடைக்காது, அப்பா எக்ஸெல்லை எடுத்துக்கொண்டு அங்கேயே வரவேண்டும். கல்லூரி விழா நாலு மணிக்கு ஆரம்பித்து எட்டரைக்கு முடியும். மூன்று வருடமும் நான் பார்த்தது குத்துவிளக்கு, இறைவணக்கம், ஆண்டறிக்கை, சிறப்பு விருந்தினர் உரை. டான்ஸ் ஆரம்பிக்கிற நேரத்தில் பெரியாரில் நிற்பேன். மறுநாள் ஹாஸ்டல் பிள்ளைகள் சிரித்துச் சிரித்துப் பேசுவார்கள். எனக்கு எதற்கென்று தெரியாது.

கேட்டவருக்கு என் பதில்: சேருங்கள். ஆனால் கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன் பஸ் டைமைப் பாருங்கள்.


நாலுமுனைச்சந்திப்பு | ஞாயிறு, இரவு 9.32

காலேஜ் எதுன்னு தெரிஞ்சுபோச்சு. முதல் எழுத்து மட்டும் சொல்லவா?


நெறியாளர் | ஞாயிறு, இரவு 9.40

வேண்டாம். பெயரை ஊகித்துப் போடுகிற பதிவுகள் நீக்கப்படும். எழுதியவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.


ரூம்_நம்பர்_11 | ஞாயிறு, இரவு 10.25

அக்கா, ஹாஸ்டல் பக்கத்துக் கதையையும் கேளுங்கள். நானும் இதே மாதிரி ஒரு கல்லூரி, ஹாஸ்டலில் இருந்தேன்.

காலை ஐந்தரைக்கு மணி. ஆறுக்குப் பூசை, கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மட்டும். மற்றவர்கள் அந்த நேரத்தில் ஸ்டடி. அதாவது அவர்கள் கோயிலில் தூங்குவார்கள், நாங்கள் ஸ்டடி ஹாலில் தூங்குவோம். மாலை விளையாட்டு முடிந்து ஆறரைக்குள் குளித்திருக்க வேண்டும். ஏழிலிருந்து ஒன்பது வரை மறுபடியும் ஸ்டடி. போன் ராத்திரி ஒரு மணி நேரம் கைக்கு வரும், அப்புறம் வார்டன் சிஸ்டர் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். நீங்கள் பெரியாரில் நின்று பானிபூரி சாப்பிட்டிருப்பீர்கள். எனக்கு மூன்று வருடத்தில் பானிபூரி என்றால் ஊருக்குப் போகிற இரண்டாம் சனிக்கிழமைதான்.

நீங்கள் விட்டுப்போனது விழாவின் இரண்டாம் பாதி, ஒத்துக்கொள்கிறேன். நாங்கள் விட்டது வெளியுலகம். மதியம் டே ஸ்காலர் ரூமுக்கு ஏன் ஓடி வருவோம் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் மேல் பாசமா? உங்கள் டிபன் பாக்ஸில் இருக்கிற கருவாட்டுக் குழம்புக்கு.


மூணுபஸ் | ஞாயிறு, இரவு 10.41

பானிபூரிக்குக் காசு ஏது! இருந்தால் காசு பஸ்ஸிலேயே போயிருப்பேனே.

டே ஸ்காலர் ரூமை நன்றாக ஞாபகப்படுத்தினாய் தங்கச்சி. சைக்கிள் ஷெட்டை ஒட்டி ஒரு பழைய ஸ்டோர் ரூம். நாலு பெஞ்சு, ஒரு ஃபேன். ஃபேனுக்கு நேர்கீழே மூன்றாம் வருடத்துப் பிள்ளைகள், அது எழுதாத சட்டம். கதவைத் திறந்தால் இருபது வீட்டுக் குழம்பு வாசனை ஒன்றாக அடிக்கும். புரட்டாசியில் எங்கள் டப்பாவில் கவிச்சி இருக்காது, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் உங்கள் மெஸ்ஸில் இருக்காது. இரண்டையும் கணக்கு வைத்து முட்டையைப் பண்டமாற்றுப் பண்ணியிருக்கிறோம்.


கீழவாசல்_1986 | திங்கள், காலை 7.05

நான் 1986இல் சேர்ந்தவன். அப்போது பி.யூ.சி. எல்லாம் போய் பிளஸ் டூ வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எங்கள் செட்டில் பாதிப்பேர் சைக்கிளில் வந்தவர்கள். கைலி மடித்துக் கட்டிக்கொண்டு மிதித்து வந்து, கேட்டுக்கு முன்னால் புளியமரத்தடியில் பேண்ட்டுக்கு மாறுவோம்.

மகளே, நீங்கள் சொன்னதில் ஒன்று என்னை யோசிக்க வைத்தது. எங்கள் மதுரையில் கத்தோலிக்கருக்கு நீண்ட கதை உண்டு. ராபர்ட் தே நோபிலி 1606இல் மதுரைக்கு வந்து, காவி கட்டி, மரக்கறி சாப்பிட்டு, தமிழும் வடமொழியும் படித்து உட்கார்ந்தார். அருளானந்தர் என்று நம் ஜனங்கள் கூப்பிட்ட ஜான் தே பிரிட்டோ 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்டார். அதெல்லாம் பழைய கதை. கல்லூரி என்று வந்தது பிறகுதான். மதுரை உயர்மறைமாவட்டம் ஆன அதே 1953இல்தான் பாத்திமா கல்லூரியைக் கன்னியர்கள் பெண்களுக்கென்று தொடங்கினார்கள். கருமாத்தூரில் சேசு சபையார் அருளானந்தர் கல்லூரியை ஆரம்பித்தது 1970. மதுரைப் பல்கலைக்கழகமே 1966இல் வந்ததுதானே.

அப்படி ஊருக்கு வெளியே, பட்டிதொட்டிக்கு நடுவில் கல்லூரி கட்டினால் யார் வருவார்கள்? சுற்றுப்பட்டிப் பிள்ளைகள் நடந்தும் சைக்கிளிலும் வரும். அந்தக் கல்லூரியே டே ஸ்காலருக்குக் கட்டியதுதான், என் கணக்கில். இப்போது அந்த டே ஸ்காலரே ஓரத்தில் நிற்கிறார் என்றால் எங்கேயோ டைம்டேபிள் மாறிவிட்டது.

சைக்கிள் கதையைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைதான்.


ஜூன்_அட்மிஷன் | திங்கள், காலை 10.50

அந்த இழையில் கேட்டது நான்தான். இவ்வளவு பேர் பதில் எழுதியதற்கு நன்றி. எங்கள் ஊர் சோழவந்தான் பக்கம். மகள் பிளஸ் டூவில் 488. படிப்பைப் பற்றிப் பயமில்லை. என் மாமியாருக்கு ஒரு சந்தேகம், எனக்கும் கொஞ்சம் உண்டு, மறைத்து என்ன. ஜெபம், பூசை எல்லாவற்றுக்கும் கட்டாயமாக உட்காரச் சொல்வார்களா? பைபிள் வகுப்பு உண்டா? நாங்கள் கள்ளழகர் கோயிலுக்கு முடி காணிக்கை கொடுக்கிற குடும்பம். கேட்டதில் தவறு இருந்தால் மன்னிக்கவும்.


மூணுபஸ் | திங்கள், மாலை 6.30

மன்னிப்பு எதற்கு அக்கா. எங்கள் பாட்டியும் இதைத்தான் கேட்டார்.

எங்கள் வகுப்பில் 27 பேரில் கிறிஸ்தவர்கள் ஆறு பேர். வாரத்தில் ஒரு மணி நேரம் வகுப்பு இரண்டாகப் பிரியும். அவர்களுக்கு மறைக்கல்வி, எங்களுக்கு எதிக்ஸ். எதிக்ஸ் வகுப்பு எடுத்தவர் வணிகவியல் சார். முக்கால்வாசி நேரம் பாங்கில் லோன் வாங்கிவிட்டு எப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதைத்தான் சொல்லிக்கொடுத்தார். உருப்படியான வகுப்பு அது.

மாதத்தில் முதல் வெள்ளி பூசை உண்டு. போகாதவர்கள் நூலகத்தில் இருக்கலாம். காலையில் மைக்கில் ஒரு ஜெபம் வரும், எழுந்து நிற்போம், அவ்வளவுதான். மூன்று வருடத்தில் மதம் மாறுகிறாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏன் லேட்டு என்றுதான் கேட்டார்கள்.

எனக்குப் பிடித்தது பன்னிரண்டு மணி அடிக்கிற கோயில் மணி. மூவேளை செபம் என்பார்கள், காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறு. மதியத்து மணி அடிக்கும்போது கல்லூரி அப்படியே நிற்கும். போர்டில் எழுதிக்கொண்டிருக்கிற மிஸ் சாக்பீஸோடு நிற்பார். கேன்டீன் அண்ணன் ஒரு முஸ்லிம். வடை சட்டியில் கரண்டியை வைத்தபடியே நிற்பார், வடை மட்டும் கருகிக்கொண்டிருக்கும். பன்னிரண்டு மணி வடை வாங்காதே என்று சீனியர்கள் சொல்லித்தந்தது அதனால்தான்.

அப்புறம் சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலால் சிலுவை போடுவார்கள். போன வருடத்துக் குருத்தோலை ஞாயிறன்று வைத்திருந்த ஓலையை எரித்த சாம்பல் அது. விருப்பப்பட்டவர்கள் போகலாம் என்றார்கள், வரிசை நீளமாக இருந்ததால் என்ன என்று பார்க்க நானும் நின்றேன். என் நெற்றியில் ஏற்கனவே காலையில் அம்மா பூசிய திருநீறு. போட்ட ஃபாதர் ஒரு விநாடி பார்த்தார், திருநீற்றை அழிக்காமல் அதற்குக் கொஞ்சம் மேலே தள்ளி வைத்தார். மூன்று பஸ்ஸிலும் அப்படியே வந்தேன். பாட்டி பார்த்துவிட்டு, "இது எந்தக் கோயில் விபூதி, கருப்பா இருக்கு?" என்றார். ஓலைச் சாம்பல் என்றேன். "சாணத்தைச் சுட்டு எடுத்தா இன்னும் வெள்ளையா வரும்னு அவுககிட்டச் சொல்லு" என்றார்.


நாலுமுனைச்சந்திப்பு | திங்கள், மாலை 6.52

இதெல்லாம் மென்மையாத்தான் ஆரம்பிக்கும் சகோ.


மூணுபஸ் | திங்கள், மாலை 6.58

மூன்று வருடம் போய்வந்தேன், ஆரம்பிக்கவே இல்லை சகோ. முடித்துவிட்டு இப்போது குரூப் 4க்குப் படிக்கிறேன். போன வாரம்தான் குலசாமிக்குப் பொங்கல் வைத்தோம்.


இரண்டுங்கெட்டான் | திங்கள், இரவு 9.15

நான் கத்தோலிக்கன், டே ஸ்காலர். என் நிலைமை யாரும் எழுதவில்லை, எழுதிவிடுகிறேன்.

ஊரில் எல்லாரும் சொல்வது, "உங்க ஆளுங்க காலேஜ், உனக்கென்னப்பா." சீட் கிடைத்தது உண்மை. சிறுபான்மை நிறுவனம் என்பதால் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்குகிறார்கள், பங்குத் தந்தையிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போனேன். ஆனால் எங்கள் தெருவில் தாத்தா காலத்தில் ஞானஸ்நானம் வாங்கிய குடும்பங்கள், ஆதிதிராவிடர். 1950ஆம் வருடத்து ஜனாதிபதி உத்தரவுப்படி இந்துவாக இருந்தால்தான் எஸ்.சி. பிறகு சீக்கியரையும் பௌத்தரையும் சேர்த்தார்கள், எங்களைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் எங்களுக்கு பி.சி. சான்றிதழ். என் பெரியப்பா மகன் கோயிலுக்குப் போகிறவன், பக்கத்து வீடு, அதே கூலி வேலைக் குடும்பம். அவனுக்கு எஸ்.சி. ஒதுக்கீடு உண்டு, எனக்கு இல்லை. கட்டணத்தைத் தவணையாகக் கட்ட ஆபீஸ் சிஸ்டரிடம் போய் நிற்பேன். அவர் கொடுத்த தவணையும் ஒரு உதவிதான், மறுக்கவில்லை.

கத்தோலிக்கனாக இருப்பதில் இன்னொரு வம்பு. முதல் வெள்ளிப் பூசைக்கு நீங்கள் நூலகத்தில் உட்காரலாம். நான் உட்கார முடியுமா? ஆளைப் பார்த்து எண்ணுவார்கள். "ஞாயிறு திருப்பலிக்கு எங்க போன?" என்று திங்கட்கிழமை கேட்பார்கள். அய்க்கஃப் கூட்டம் மாலை நாலுக்கு. பஸ் இருக்கிறது என்றால், "நம்ம பையனே இப்படிச் சொன்னா எப்படி?" என்பார்கள். நம்ம பையன் என்ற சொல்லுக்காகவே நாலைந்து தடவை பஸ்ஸை விட்டிருக்கிறேன்.


ரூம்_நம்பர்_11 | திங்கள், இரவு 9.48

அண்ணே, இந்தச் சான்றிதழ் விஷயம் இவ்வளவு நாள் எனக்குத் தெரியாது. எங்கள் ரூமிலும் ஒருத்தி ஒவ்வொரு செமஸ்டரும் ஃபீஸ் கட்டும்போது அழுவாள்.


சாக்பீஸ்தூள் | செவ்வாய், மதியம் 1.20

நான் இப்படி ஒரு கல்லூரியில் ஒன்பது வருடமாகச் சுயநிதிப் பிரிவில் பாடம் எடுக்கிறேன். எது என்று கேட்காதீர்கள், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன்.

கீழவாசல் அண்ணன், டைம்டேபிள் எங்கேயோ மாறிவிட்டது என்றார். எங்கே மாறியது என்று எனக்குத் தெரியும். நாக் குழு வந்து கல்லூரிக்குத் தரம் போடுகிறதல்லவா, அதில் பாடத்திட்டத்துக்கு வெளியே எத்தனை சான்றிதழ்ப் படிப்பு நடத்தினீர்கள், எத்தனை மாணவர் முடித்தார்கள் என்று கணக்குக் கேட்பார்கள். அதற்குப் புள்ளி உண்டு. வகுப்பு நேரத்துக்குள் அதை நடத்த மணி கிடையாது. ஆகவே மூன்றே முக்காலுக்கு மேல். முதல்வருக்கு ஃபைல் நிரம்ப வேண்டும், எனக்குப் புகைப்படம் எடுத்து ரிப்போர்ட் எழுத வேண்டும், பிள்ளைக்குப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். டே ஸ்காலர் பிள்ளைகள் முதல் இருபது நிமிடம் இருந்து போட்டோவில் நின்றுவிட்டு ஓடுவார்கள். அந்தப் போட்டோக்களில் எல்லா முகமும் கடிகாரத்தைப் பார்த்தபடிதான் இருக்கும்.

நானும் டே ஸ்காலர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். எய்டட் சாருக்குச் சம்பளம் அரசாங்கம் தருகிறது, காரில் வருவார். எனக்கு நிர்வாகம் தருவது, அது டவுன் பஸ்ஸுக்கான சம்பளம். ஐந்து மணி பஸ்ஸில் என் மாணவன் எனக்கு சீட் பிடித்து வைப்பான். மறுநாள் அவனுக்கு இன்டர்னல் மார்க் போடும்போது கை கொஞ்சம் தடுமாறும். தடுமாறினாலும் கூட்டிப் போட்டதில்லை.

ஜூன் அட்மிஷன் அம்மா, ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சேர்க்கும்போது அது எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா என்று பாருங்கள். ஒரே பெயரில் ஒரே பாடம் இரண்டு பிரிவிலும் இருக்கும், கட்டணம் எங்கேயோ இருக்கும். சில இடங்களில் செல்ஃப் ஃபைனான்ஸ் இரண்டாவது ஷிப்ட்டில் நடக்கும், மதியம் ஆரம்பித்து மாலை வரை. சோழவந்தானுக்குத் திரும்பப் பெண்பிள்ளைக்கு இருட்டிவிடும். விண்ணப்பப் படிவத்தில் இது சின்ன எழுத்தில்தான் இருக்கும்.


ஓய்வுபெற்ற_கண்டக்டர் | செவ்வாய், இரவு 8.35

வணக்கம். என் மகன்தான் இந்த இழையைக் காட்டினான். நான் 31 வருசம் கண்டக்டர், மதுரை டிப்போ. தட்டச்சு மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளவும்.

காலேஜ் பிள்ளைகள் எல்லாம் சொல்கிற ஒரே புகார், அஞ்சு பத்து பஸ் அஞ்சு மணிக்கே போயிருச்சு என்பதுதான். உண்மைதான், போவோம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. காலை ஷிப்ட் ஆள் குறித்த நேரத்துக்கு வண்டியை அடுத்த ஆளிடம் ஒப்படைக்க வேண்டும். கடைசி நடையில் பெரியார் நெரிசலில் மாட்டினால் அரை மணி நேரம் போய்விடும், அதற்கு ஓவர்டைம் கிடையாது. அதனால் டிரைவர் அஞ்சு நிமிசம் முன்னாடி எடுக்கச் சொல்வார். நானும் விசில் அடிப்பேன். பிள்ளைகள் ஓடி வருவது கண்ணாடியில் தெரியும். நின்றதும் உண்டு, நிற்காமல் போனதும் உண்டு.

இன்னொன்று. 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். அதற்கும் டிக்கெட் உண்டு, தொகை இல்லாத டிக்கெட். எத்தனை டிக்கெட் கிழிக்கிறார்களோ அதை வைத்துத்தான் கழகத்துக்கு அரசாங்கம் பணம் கொடுக்கும். அதனால் பாப்பா, இலவசம்தானே என்று டிக்கெட் வாங்காமல் உட்காராதீர்கள். செக்கிங் ஏறினால் கண்டக்டருக்குத்தான் மெமோ.

சில கண்டக்டர்கள் ஓசி என்று பேசுவது எனக்கும் தெரியும். என் மருமகளிடமே ஒருத்தன் பேசினான். இறங்கும்போது நான் யார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.


மூணுபஸ் | செவ்வாய், இரவு 10.05

ஐயா, உங்களைப் போல ஒரு கண்டக்டரை எனக்குத் தெரியும். நீங்களாகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை.

இரண்டாம் வருடம் கிறிஸ்துமஸ் விழா. ஹாஸ்டல் சிஸ்டர்தான் நாடகம் போடுவார். என்னைக் கூப்பிட்டு, "உனக்கு அஞ்சு மணி பஸ் இல்ல? அப்போ நீதான் கபிரியேல்" என்றார். எனக்குப் புரியவில்லை. கபிரியேல் சம்மனசு, அதாவது தேவதூதர், முதல் காட்சியில் மரியாளிடம் வந்து, "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று சேதி சொல்லிவிட்டுப் போய்விடுமாம். அப்புறம் வேலையே கிடையாது. மரியாளும் அவர் கணவர் சூசையும் கழுதையும் எட்டு மணி வரை மேடையில் இருக்க வேண்டும், அதெல்லாம் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு. மூன்று வருடத்தில் என் பஸ்ஸை நினைத்து யாராவது ஒரு காரியம் செய்தார்கள் என்றால் இதுதான்.

இறக்கை வீட்டில் செய்தது. தம்பி அட்டையை வெட்டினான், அம்மா தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சு கொடுத்தார், மைதா பசை காய்ச்சி ஒட்டினோம். ஆளுயரத்துக்குப் பக்கம் வந்துவிட்டது. அதோடு துறைகளுக்கிடையே கிறிஸ்துமஸ் குடில் போட்டிக்கு வைக்கோல் வேறு. கிராமத்திலிருந்து வருகிற டே ஸ்காலர் நான் ஒருத்திதான், "உங்க ஊர்லதான் வைக்கோல் கிடைக்கும்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரு கையில் இறக்கை, ஒரு கையில் சாக்கு. திருமங்கலம் பஸ்ஸில் கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். லக்கேஜ் போடுவார் என்று பயந்தேன். "சம்மனசும் மகளிர்தானே, ஏறும்மா. வைக்கோல மட்டும் கம்பிக்குப் பின்னாடி வை, மேல படுது" என்றார். எங்கள் பக்கத்து கண்டக்டருக்குச் சம்மனசு என்ற சொல் எப்படித் தெரியும் என்று அப்போது யோசிக்கவில்லை.

நாலு இருபதுக்கு மேடை. நாலே முக்காலுக்கு மேடையை விட்டு இறங்கி, இறக்கையைக் கழற்ற நேரமில்லாமல் அப்படியே ஓடினேன். ஃபாதர் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். பஸ் கிடைத்தது. ஊரில் இறங்கும்போது ஒரு இறக்கைதான் இருந்தது. பாட்டி வாசலில் உட்கார்ந்திருந்தார். "கொக்கு வேசமா?" என்றார்.


ஓய்வுபெற்ற_கண்டக்டர் | செவ்வாய், இரவு 10.31

நான் இல்லை பாப்பா, நான் 2019லேயே ஓய்வு. ஆனால் அந்தச் சொல் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. எங்கள் டிப்போவில் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், நிறைய.


ரூம்_நம்பர்_11 | செவ்வாய், இரவு 10.44

அக்கா. ஒரு நிமிடம்.

2023 டிசம்பரா? நிஜ ஆட்டுக்குட்டி வந்த நாடகமா?


மூணுபஸ் | செவ்வாய், இரவு 10.46

2023 டிசம்பர்தான். என்ன ஆட்டுக்குட்டி?


ரூம்_நம்பர்_11 | செவ்வாய், இரவு 10.59

ஐயோ அக்கா! நான் அப்போது முதல் வருடம், இடையர்களில் ஒருத்தி நான். நெறியாளர் திட்டுவார், கல்லூரிப் பெயர் சொல்லவில்லை.

இடையர் காட்சிக்கு சிஸ்டர் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு ஆட்டுக்குட்டியை வாங்கி வந்திருந்தார். என் கையில்தான் கொடுத்தார்கள். மேடை ஏறியதும் மைக் சத்தத்துக்குப் பயந்து துள்ளிக் குதித்துவிட்டது. நேராகக் குடிலுக்குப் போய் அங்கே விரித்திருந்த வைக்கோலைத் தின்ன ஆரம்பித்தது. இழுத்தால் வரவில்லை. குழந்தை இயேசு சுரூபத்துக்குக் கீழே இருந்ததையும் உருவித் தின்றது, சுரூபம் உருண்டு சூசையின் காலடிக்கு வந்துவிட்டது. சூசை குனிந்து எடுக்கப்போய் ஒட்டுத்தாடி கழன்று விழுந்தது. முதல் வரிசையில் இருந்த ஃபாதர்மார் எல்லாம் சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்கள். மூன்று ராஜாக்கள் வரும்வரை அது தின்றுகொண்டேதான் இருந்தது. மறுநாள் கல்லூரியே அதைத்தான் பேசியது.


மூணுபஸ் | செவ்வாய், இரவு 11.03

மறுநாள் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தது இதற்கா! நான் என் இறக்கையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

தங்கச்சி, அந்த வைக்கோல் எங்கள் வயல் வைக்கோல்.